இரண்டு கார்களுக்கும் ஒரே நடுக்கம்

அத்தியாயம் 7

ஸ்டியரிங் நடுங்கியது. முதலில் தன் கைதான் நடுங்குகிறதோ என்று லென்ஸ் நினைத்தார். நடுங்கக் காரணமும் இல்லாமல் இல்லை. கூடப் பிறந்த தம்பி மேல் கொலை முயற்சிப் புகார் கொடுக்கப் போகிற ஓர் அண்ணனுக்குத் துணையாக அவர் போய்க்கொண்டிருந்தார். அந்தத் தம்பிதான் குற்றவாளி என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் அவரேதான்.

அவருடைய சொந்தப் பெயர் இப்போது ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. துப்பறியும் ஆபீஸ் திறந்த புதிதில், எதற்கெடுத்தாலும் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்ததால் லென்ஸ் என்ற பெயர் விழுந்து, அதுவே போர்டிலும் ஏறிவிட்டது. பக்கத்து சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவியின் தங்கை. ஆபீசில் அவருக்கு உதவியாளர். அவளை எல்லோரும் ஊசி என்பார்கள். ஏன் என்று அவளோடு ஐந்து நிமிடம் பேசியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அத்தான், வண்டிக்குக் குளிர் ஜுரமா?"

"ரோடு சரியில்ல."

"ரோடு போன வாரம் போட்டது. இந்த ஆட்டத்துக்கு மடியில தயிர்ச் சட்டி வெச்சிருந்தா, போய்ச் சேர்றதுக்குள்ள வெண்ணெய் எடுத்திருக்கலாம்."

லென்ஸ் முள்ளைப் பார்த்தார். எண்பது. வேகத்தைக் குறைத்தார். அறுபதுக்கு வந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தார். எழுபத்தைந்தைத் தொட்டதும் ஸ்டியரிங் பழையபடி தலையாட்டியது. அதற்குள் முன்னால் போன பஸ் நிற்கவே, பிரேக்கில் காலை வைத்தார். உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டுவது போல் பெடல் அவர் பாதத்தைத் தட்டியது.

இந்த நடுக்கம் அவருக்குப் புதிதில்லை. இதே ஆட்டம், இதே தட்டல், இதே வேகம். மூன்று நாள் முன்பு இன்னொருவர் காரில் உட்கார்ந்து அனுபவித்தது.

அந்த இன்னொருவர் ஒரு கட்டடக் கான்ட்ராக்டர். அவருடைய கார் நல்ல கார்தான், ஆனால் வயசான கார். ஒரு மாதமாக வேகமாகப் போனால் ஸ்டியரிங் ஆடுகிறது, பிரேக் பிடித்தால் பெடல் உதைக்கிறது. அவர் வீடோ நீளமாக வளைந்து இறங்கும் ஒரு மலைச் சரிவின் அடியில். அந்த இறக்கத்தில் பிரேக் கைவிட்டால் ஆளை அள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். "என்னைத் தீர்த்துக்கட்டப் பாக்கறாங்க சார்" என்று கான்ட்ராக்டர் ஆபீசுக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லென்ஸ் பார்த்தார். முன் சக்கரங்களின் உட்பக்கம், சக்கரம் ஒரே சீராகச் சுற்ற வேண்டும் என்பதற்காகச் சின்னச் சின்ன ஈயக்கட்டிகளை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். அவை அங்கே இல்லை. ஒட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது. விழுந்ததில்லை, எடுத்தது. அதுவும் ஒரு கீறல்கூட இல்லாமல். பிரேக் டிஸ்க் வேறு நூலிழை அளவு கோணியிருந்தது. 'இவ்வளவு நேர்த்தியாக எடுக்கத் தொழில் தெரிந்த கையால்தான் முடியும்' என்று லென்ஸ் முடிவு கட்டினார். அந்தக் காரைத் தொடுகிற தொழில் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கான்ட்ராக்டரின் தம்பி. அண்ணன் தம்பிக்குள் அப்பா வீட்டுப் பங்கு விஷயமாக மனஸ்தாபமும் இருந்தது. அப்புறம் என்ன வேண்டும்?

முந்தாநாள் ஒர்க்‌ஷாப்புக்கே போய், வாடிக்கையாளர்கள் நாலு பேர் முன்னால், விரலை நீட்டிச் சொல்லிவிட்டார். அந்தத் தம்பி கத்தவில்லை. கைத்துணியைக் கீழே போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "எங்கண்ணன் இதை நம்பிட்டாரா?"

அதற்குள் ஒருத்தர் தன் வண்டிச் சாவியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது லென்ஸ் வண்டியை ஓரங்கட்டினார். எஞ்ஜினை அணைத்தார். ஸ்டியரிங் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டார்.

"என்னாச்சு அத்தான்?"

"ஊசி, இந்த வண்டியை அந்த மெக்கானிக் தொட்டதே இல்ல."

ஊசியின் கையிலிருந்த வேர்க்கடலை உரிபடாமல் நின்றது. அவள் கடலையை நிறுத்தினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"தற்செயலா இருக்கலாம்ல?"

"பாத்துடுவோம். கீழ இறங்கு."

கான்ட்ராக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். சாப்பிட்டு முடித்ததும் மூவருமாகப் போலீஸ் ஸ்டேஷன் போவதாக ஏற்பாடு. புகார் எழுதிவிட்டால் அதோடு அந்தத் தம்பியின் கதை முடிந்தது. அப்புறம் யார் அவனிடம் பிரேக் பார்க்க வண்டி விடுவார்கள்? லென்ஸ் ஜாக்கியை எடுத்தார். டிக்கியில் இருந்த செங்கல்லைப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார்.

"எப்ப ஆடுது, சொல்லு."

"நீங்க தப்பு பண்ணிட்டு ஒத்துக்காம இருக்கும்போது."

"ஊசி!"

"சரி, சரி. எழுபதுக்கு மேல. பிரேக்கே பிடிக்காம."

"அப்ப சுத்தறதுல கோளாறு. எது ஆடிச்சு, நம்ம சீட்டா, ஸ்டியரிங்கா?"

"ஸ்டியரிங். சீட்டு ஆடியிருந்தா கடலை சிந்தியிருக்கும்."

"அப்ப முன் சக்கரம். பிரேக் பிடிச்சா?"

"மெதுவாப் போனாலும் உதைக்குது. அது வேற வியாதி, டிஸ்க்கு."

லென்ஸ் சக்கரத்தை இருபக்கமும் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். மேலும் கீழும் பிடித்துக் குலுக்கினார். எங்கும் லொடலொடப்பு இல்லை. எதுவும் கழன்றிருக்கவில்லை, எதுவும் தேய்ந்திருக்கவில்லை. மண்ணில் ஒரு பக்கமாகப் படுத்து, சக்கரத்தின் கம்பிகளுக்கு ஊடே டார்ச் அடித்தார். சதுரமாக ஒரு சுத்தமான இடம். அதன் பக்கத்தில் இன்னொன்று. எடுத்த கை பசையைக்கூட விட்டுவைக்கவில்லை. துடைத்தெடுத்திருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனார்.

"என்ன வாசனை அத்தான்?"

"பெயின்ட் கடை வாசனை. டர்பன்டைன்."

ஊசியும் குனிந்து முகர்ந்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு சந்தேகம். கொலை பண்ண வர்றவன் பசையைக்கூடத் துடைச்சிட்டா போவான்? எங்கக்கா வீட்லகூட இவ்ளோ சுத்தம் கிடையாது."

"அது என் வீடு."

"தெரிஞ்சுதான் சொல்றேன். மெக்கானிக்கா இருந்தா ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியிருப்பான். கீறல் விழுந்திருக்கும். துடைக்கணும்னாலும் பெட்ரோல்லதான் துடைப்பான், இதுல துடைக்க மாட்டான். நீங்க என்ன சொன்னீங்க? 'கீறலே இல்ல, அதனால கைதேர்ந்த மெக்கானிக்.' கீறல் இல்லாததனாலதான் அத்தான் அவன் மெக்கானிக் இல்ல!"

லென்ஸுக்குச் சுருக்கென்றது. எந்தத் தடயத்தைக் காட்டி அவர் ஒருவனுடைய மானத்தை வாங்கினாரோ, அதே தடயம் அப்போதே அவன் பக்கம் பேசியிருக்கிறது. அவர்தான் காதை மூடிக்கொண்டிருந்தார். வெயில் சுட்ட மண்ணில் படுத்திருந்ததால் முகம் காய்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நம்பத்தான் முடியவில்லை.

"டிஸ்க்கு?" என்றாள் ஊசி, பேச்சை மாற்றுவது போல. அவளுக்கும் இரக்கம் உண்டு, அவ்வப்போது.

"அடுப்புல காய்ஞ்ச வாணலி மேல பச்சைத் தண்ணியைக் கொட்டினா என்னாகும்?"

"அக்காகிட்ட திட்டு விழும்."

"அதுக்கு முன்னாடி?"

"சுர்ருங்கும். வாணலி கோணிக்கும்." சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்தாள். "மலையிலேர்ந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா டிஸ்க்கு நெருப்பா இருக்கும். இறங்கின உடனே யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க! ரெண்டு வண்டிக்கும். அதே இடத்துல. அத்தான், நம்ம வண்டியைக் கடைசியா எங்க கழுவினீங்க? நீங்க கழுவற ஆளே இல்லையே!"

லென்ஸ் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தட்டி முடிந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் கண்முன்னால் ஒரு வாளி வந்து நின்றது.

கேஸ் எடுத்த முதல் நாள். கான்ட்ராக்டர் வீட்டு ஷெட். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, வாளியும் துணியுமாக ஒரு பெரியவர் கான்ட்ராக்டரின் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். லென்ஸ் காரை விட்டு இறங்கியபடியே, "ஏம்ப்பா, கை ஒழிஞ்சா நம்ம வண்டிக்கும் ரெண்டு வாளி ஊத்து" என்று சாவியை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கான்ட்ராக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது கார் கண்ணைப் பறித்தது. அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவை லென்ஸ் சொல்லவே இல்லை, தானாகவே நடந்தது.

உள்ளே போய் உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி என்ன? "வீட்ல யார் யார் இருக்காங்க? வண்டியை யார் யார் தொடுவாங்க?" கான்ட்ராக்டர் சொன்ன பதில்: "நானும் என் சம்சாரமும்தான். அவ ஆஸ்பத்திரி நர்ஸ், காலைல போனா ராத்திரிதான். வண்டியைத் தொடறது நானும் தம்பியும். கழுவறது வெளிய, கடையில."

லென்ஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

எல்லாவற்றையும் ஊசியிடம் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"கண் முன்னாடி ஒரு ஆள் நின்னிருக்கார். அவரை ஆளாவே நீங்க கணக்குல எடுத்துக்கல."

"வேலைக்காரர்னு…"

"வேலைக்காரர்னா கை கிடையாதா?"

வண்டி மறுபடி கிளம்பியது. லென்ஸ் அறுபதைத் தாண்டவில்லை. தாண்டினால் ஸ்டியரிங் பேச ஆரம்பித்துவிடும். ஏற்கனவே பேசியது போதும் என்று இருந்தது அவருக்கு.

அவர்கள் சரிவிறங்கி வீட்டை அடைந்தபோது கான்ட்ராக்டரின் கார் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. எஞ்ஜின் சூட்டில் பானெட் மேல் காற்று நெளிந்தது. உள்ளே கான்ட்ராக்டர் தட்டு எடுத்து வைக்கும் சத்தம். ஷெட்டில் பெரியவர் வாளியோடு குனிந்திருந்தார். முன் சக்கரத்தின் மேல் வீசி ஊற்றினார்.

சுர்ர்ர்.

ஆவி எழும்பி அடங்கியது. ஊசி அத்தானைப் பார்த்தாள். அத்தான் தரையைப் பார்த்தார்.

பெரியவர் நிமிர்ந்து இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். நகக்கண்களில் கறுப்பு. சட்டைப் பையில் தட்டையான ஒரு பட்டி பிளேடு. பலகை சுரண்டுகிறவர்கள் வைத்திருப்பது. காலடியில் ஒரு டர்பன்டைன் பாட்டில்.

"வாங்க தம்பி. சாவியைக் குடுங்க. இதை முடிச்சிட்டு உங்களதைப் பாத்துடறேன்."

"இன்னிக்கு வேணாம் பெரியவரே." லென்ஸ் குரலை மென்மையாக்கிக்கொண்டார். துப்பறிகிறவர் குரல் அது. அதற்காகவும் பின்னால் அவர் வெட்கப்பட்டார். "இங்க எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க?"

பெரியவர் புரியாமல் விழித்தார்.

"வேலையா? இது என் பொண்ணு வீடு தம்பி."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது லென்ஸுக்கு. ஏம்ப்பா, ஊத்து. அவர் சொன்ன அந்த இரண்டு வார்த்தையும் அந்தச் சின்ன ஷெட்டில் இன்னும் எங்கோ மாட்டிக்கொண்டிருப்பது போல் இருந்தது. ஊசி பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. அவளுடைய அப்பாவும் ஒருவருக்கு மாமனார்தான். அந்த ஒருவர் லென்ஸேதான்.

ஊசிதான் பேசினாள். வழக்கமான குரலில்லை. "என்ன தொழில் பாத்தீங்கப்பா?"

"போர்டு எழுதறது. கடை போர்டு, லாரி போர்டு எல்லாம். இப்ப எல்லாம் மிஷின்ல அடிச்சு ஒட்டிடறாங்க. அது கிடக்கட்டும். எழுதறதுக்கு முன்னாடி பலகை மழமழன்னு இருக்கணும்மா. ஒரு பொட்டு தூக்கலா இருந்தாலும் எனக்குக் கை வராது. இந்தச் சக்கரத்துக்குள்ள பாருங்க, கட்டி கட்டியா என்னமோ அப்பிக்கிட்டு இருந்துது. ஒவ்வொரு தடவை ரிப்பேருக்குப் போயிட்டு வரும்போதும் புதுசா அப்பிக்கிட்டு வருது. பிளேடை விட்டு நைசா எடுத்து, டர்பன்டைன் போட்டுத் துடைச்சிடுவேன். உங்க வண்டியிலயும் இருந்துது. தூக்கிப் போட மனசு வரல, ஈயமாட்டம் இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்."

அலமாரி மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிக் கட்டிகள். கொலைக் கருவி அவ்வளவும் ஒரு டின்னில் அடங்கிவிட்டது.

"வண்டி வந்து நின்ன உடனே ஏம்ப்பா கழுவறீங்க? கொஞ்சம் ஆறட்டுமே?" என்றாள் ஊசி.

"மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்திருக்கறதுக்குள்ள முடிக்கணுமேம்மா. அப்படித்தான் சொல்லியிருக்கார்."

லென்ஸ் திரும்பிப் பார்த்தார். உள்கதவருகில், கழுவின கை ஈரத்தோடு கான்ட்ராக்டர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. முகத்தில் ரத்தம் இல்லை.

"மாமா, நீங்க உள்ள போங்க" என்றார்.

"இருங்க மாப்பிள்ளை, இன்னும் ஒரு சக்கரம்…"

"போங்க மாமா!"

பெரியவர் வாளியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். டின் ஊசியின் கையில் இருந்தது.

லென்ஸ் சுருக்கமாகச் சொன்னார். யாரும் கொல்ல வரவில்லை. தம்பி ஒட்டி அனுப்புகிறான், மாமா அழுக்கென்று சுரண்டுகிறார். பிரேக் சூடாக வருகிறது, மேலே பச்சைத் தண்ணீர் விழுகிறது. அவ்வளவுதான் கேஸ்.

"அன்னிக்கு நான் கேட்டேனே, யார் தொடுவாங்கன்னு. ஏன் மறைச்சீங்க?"

கான்ட்ராக்டர் காரின் கதவில் கையை ஊன்றிக்கொண்டார். "வந்து தங்கின புதுசுல சும்மா உக்காந்திருந்தார். வெளையாட்டுக்குத்தான் சொன்னேன், 'வண்டியையாவது துடைங்களேன் மாமா'ன்னு. அவர் நெஜமாவே எறங்கிட்டார். வேணாம்னு சொல்லியிருக்கணும். நல்லா இருந்துது, விட்டுட்டேன். என் சம்சாரத்துக்குத் தெரியாது. அவ அப்பாவை இப்படி வெச்சிருக்கேன்னு வெளிய எப்படி சார் சொல்வேன்? நீங்க அவர் கையில சாவியைக் குடுத்தப்ப, 'அவர் என் மாமனார்'னு சொல்ல வாய் வரல. சொன்னா, ஏன் வாளியோட நிக்கறார்னு கேப்பீங்க."

"அதனால பழி தம்பி தலையில விழுந்தாலும் பரவாயில்லையா?"

"தம்பிதான்னு நான் சொன்னேனா? நீங்கதான சார் கண்டுபிடிச்சீங்க!"

அந்த அடி நேராக விழுந்தது. விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது.

கான்ட்ராக்டர் குரலைத் தாழ்த்தினார். "புகார் வேணாம், விட்டுடுவோம். டயர்ல கோளாறுன்னு நான் சொல்லிக்கறேன். மாமா பேரை மட்டும் வெளிய எடுக்காதீங்க. அவமானம்."

"யாருக்கு?" என்றாள் ஊசி.

யாரும் பதில் சொல்வதற்குள் உள்கதவு திறந்தது. பெரியவர் சுருட்டியிருந்த கால்சட்டையை இறக்கிவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கதவு மெல்லிசுக் கதவு. உள்ளே எல்லாம் கேட்டிருக்கிறது.

"அந்தத் தம்பி மேலயா பழி போட்டீங்க?" யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. "இந்த வீட்ல என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்து சொல்லியிருப்பேனே."

லென்ஸ் முன்னால் போனார். "பெரியவரே… அன்னிக்கு நான் உங்களை யாருன்னு விசாரிக்காம, ஏம்ப்பா, ஊத்துன்னு… சாவியைக் குடுத்து… என்னை மன்னிச்சிடுங்க."

பெரியவர் அவசரமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அடடா, நீங்க எதுக்குத் தம்பி? கழுவி முடிச்சதும் நீங்க சொன்னது உங்களுக்கு ஞாபகமில்லையா? 'பரவால்லையே பெரியவரே, புதுசாட்டம் ஆக்கிட்டீங்களே'ன்னீங்க. இங்க வந்ததுலேர்ந்து நான் செஞ்ச வேலை நல்லா இருக்குன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் உங்க வண்டிக்காகக் காத்துக்கிட்டிருப்பேன்."

திட்டியிருந்தால் லென்ஸ் தாங்கியிருப்பார். போகிறபோக்கில் ஒரு வேலைக்காரருக்கு வீசிய வார்த்தை அது. வீசின ஞாபகம்கூட அவருக்கு இல்லை. அதை இந்த மனிதர் இத்தனை நாளும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது. மறைக்க நினைத்துப் பையிலிருந்து எதையோ தேடினார். கையில் வந்தது பூதக்கண்ணாடி. திரும்ப உள்ளே போட்டுவிட்டார்.

"வண்டியை எடுங்க" என்றார் பெரியவர். "அந்தத் தம்பிகிட்ட நான் வந்து சொல்றேன்." வாசல் வரை போய்விட்டு மருமகன் பக்கம் திரும்பினார். "பொண்ணுகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை. அதுக்காகப் பயப்படாதீங்க. தட்டுல போட்டது ஆறுது, போய்ச் சாப்பிடுங்க."

கான்ட்ராக்டர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தத் தட்டை இனி அவரால் எப்படித் தொட முடியும் என்று லென்ஸுக்குத் தோன்றியது.

முன் சீட்டைப் பெரியவருக்கு விட்டுவிட்டு ஊசி பின்னால் போய் உட்கார்ந்தாள். வழியெல்லாம் லென்ஸ் ஐம்பதிலேயே ஓட்டினார். ஒரு பிரேக்கில் பெடல் உதைத்தபோது பெரியவர், "இதுவும் என்னாலதானா?" என்று கேட்டார். "என்னாலதான்" என்றார் லென்ஸ்.

ஒர்க்‌ஷாப் வாசல் வெறிச்சென்று கிடந்தது. முந்தாநாள் வரிசையாக நின்ற வண்டிகள் இல்லை. தம்பிக்காரன் தனியாக உட்கார்ந்து, ஏற்கனவே துடைத்திருந்த ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் எழுந்தான். கூடவே போலீஸ் வருகிறதா என்று ரோட்டை ஒரு பார்வை பார்த்தான்.

அன்று பழி சொன்னபோது கூட்டம் தானாகக் கூடியது. இன்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது கேட்க ஆளில்லை. லென்ஸ் ஊசியைப் பார்த்தார். அவள் கேட்காமலே கிளம்பிவிட்டாள். டயர் கடை, வெல்டிங் பட்டறை, டீக்கடை என்று ஒவ்வொரு வாசலிலும் அவள் குரல் கேட்டது. "வாங்க, வாங்க! எங்கத்தான் மன்னிப்புக் கேக்கப் போறார். வீட்ல எங்கக்கா இத்தனை வருஷமாக் காத்திருந்தும் கிடைக்காத காட்சி!"

கையில் டீ கிளாஸோடு ஏழெட்டுப் பேர் கூடினார்கள். அவர்கள் நடுவில், முந்தாநாள் விரல் நீட்டிய அதே இடத்தில் நின்று, லென்ஸ் சொன்னார்.

"முந்தாநாள் இந்த இடத்துல நான் சொன்னது தப்பு. இவர் மேல ஒரு குத்தமும் இல்ல. பாக்க வேண்டியதைப் பாக்காம, கேக்க வேண்டியவரைக் கேக்காம சொல்லிட்டேன். என் வண்டியும் அதே மாதிரி ஆடுது. இவர் அதைத் தொட்டதே இல்ல. அதை இவரே சரி பண்ணித் தரணும்னு கேட்டுக்கறேன்."

பெரியவர் ஊசியிடமிருந்து டின்னை வாங்கி நீட்டினார். "நான்தாம்ப்பா சுரண்டினது. அழுக்குன்னு நெனச்சுட்டேன்."

தம்பி டின்னைத் திறந்து பார்த்தான். ஒரு கட்டியை எடுத்து விரலில் உருட்டினான். அவன் வாயோரம் லேசாகத் துடித்தது, சிரிப்பதற்கா அழுவதற்கா என்று தெரியவில்லை. "ஒவ்வொரு தடவையும் ஒட்டி அனுப்பினேன். பசை சரியில்லன்னு நெனச்சு மூணு கம்பெனிப் பசையை மாத்திட்டேன் மாமா." ஸ்டூலை இழுத்துத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

டீக்கடைக்காரர் போய்த் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். தம்பி அதைப் பார்த்தான். லென்ஸையும் பார்த்தான். ஆனால் அவன் கண் அதோடு நிற்காமல் அவர்களைத் தாண்டிப் போனது.

"எங்கண்ணன் வரலையா?"

அதே குரல். முந்தாநாள் கேட்ட அதே குரல்தான். லென்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊசி லென்ஸின் முழங்கையைத் தொட்டாள். "அத்தான், அங்க பாருங்க."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், மர நிழலில் கான்ட்ராக்டரின் கார் நின்றது. ஒரு பக்கம் கழுவியும் ஒரு பக்கம் கழுவாமலும். எப்போது வந்ததோ, யாரும் கவனிக்கவில்லை. கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. எஞ்ஜின் அணைந்திருந்தது.

தம்பி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைக் கடக்க ஆரம்பித்தான்.